தலையணை உறைக்குள் இருந்த மேகம்

பிற்பகல் மூன்றேகால் மணிக்குப் பொள்ளாச்சி பஸ் கேரள எல்லைச் செக்போஸ்டில் நின்றது. அதோடு எல்லாம் கெட்டது. நான்கு மணிக்குப் பால் கறக்க ஆள் வருவதற்குள் வீடு போய்ச் சேரலாமா என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் நேரத்தில் தவறில்லை. எந்தச் செக்போஸ்ட் என்று எழுத மாட்டேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்களுக்கு எல்லாச் செக்போஸ்டும் ஒன்றுதான்.

அவசர நிலை நடந்துகொண்டிருந்த காலம். என் பக்கத்தில் ஜன்னலோரம் என் மகள். தூரத்து நகரம் ஒன்றில் வானியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், விடுமுறைக்கு வருகிறாள். பொள்ளாச்சி வரை போய் நான்தான் அழைத்து வந்தேன். வளர்ந்த பெண்ணை அழைத்துவர எதற்கு ஆள் என்று அவள் அப்பா கேட்டார். எனக்கு அப்படித்தான். பிள்ளை கண்ணில் படும்வரை வாசலுக்கும் ரோட்டுக்கும் நடப்பேன்.

அவள் மடியில் ஒரு தலையணை உறை. அதற்குள் காகிதச் சுருள்கள். ரயில் புழுதி படக்கூடாதென்று விடுதித் தலையணையின் உறையைக் கழற்றி, சுருள்களை உள்ளே போட்டு, வாயை நாடாவால் கட்டியிருந்தாள். எங்கள் பக்கத்தில் தலையணை உறையோடு எல்லை தாண்டுகிற பெண் என்ன கொண்டுபோகிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேரளத்துக்குப் பெர்மிட் இல்லாமல் கடத்தும் அரிசி. வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி நடை நடப்பவர்கள் உண்டு. தொட்டில் துணியில் போட்டு, பஸ் நின்றதும் தாலாட்டுப் பாடுபவர்கள் உண்டு. தலையணை உறை இவை எல்லாவற்றிலும் பழைய தந்திரம். வெளியூரிலேயே இருந்துவிட்டதில் என் மகளுக்கு அது மறந்துபோயிருந்தது.

சுருள்களில் இருந்தது ஒரு மேகம். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். தனுசு ராசி இருக்கும் திசையில், நட்சத்திரங்களுக்கு இடையே, தூசும் வாயுவுமாகப் பெரிய மேகங்கள் கிடக்கின்றன. கண்ணாடி வைத்த தொலைநோக்கிக்கு அவை வெறும் இருட்டு. ஆனால் அவற்றுக்குள் உள்ள மூலக்கூறுகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. சுழற்சி ஒரு படி குறையும்போதெல்லாம் ஒரு துளி ரேடியோ அலையை வெளிவிடுகின்றன. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்கே உரிய அலைநீளங்கள். ஒன்றினுடையது இன்னொன்றுக்கு வராது. பெரிய கிண்ணம் போன்ற ஆண்டெனாவை அந்தத் திசையில் திருப்பி மணிக்கணக்காகக் கேட்டுக் கூட்டினால், காகிதத்தில் ஓடும் நடுக்கக் கோட்டில் அந்தந்த இடத்தில் ஒரு சின்ன மேடு எழும். தண்ணீர், அம்மோனியா எல்லாம் இப்படி ஏற்கெனவே பிடிபட்டிருந்தன. ஃபார்மால்டிஹைடும்தான். நான் பாடம் நடத்தும் பள்ளியில் தவளையைக் குப்பியில் ஊறப்போட்டு வைத்திருக்கிறேனே, அந்த நெடிச் சரக்கு. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"இப்ப இன்னும் பெருசும்மா," என்றாள். "ஒம்பது அணு. எத்தில் ஆல்கஹால்."

"சாராயமா?"

"சாராயத்துல இருக்கறதேதான்."

வெளிநாட்டுக்காரர்கள் ஒரு மேகத்தில் அதைக் கண்டிருந்தார்கள். வேறொரு மேகத்திலும் இருக்கிறதா என்பது என் மகளின் கேள்வி. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்றில் இடம் கேட்டு வாங்கி, தானே உட்கார்ந்து பதிவு செய்து கொண்டுவந்த சுருள்கள் இவை. நகல் கிடையாது. மறுபடி அந்த இடம் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. ஒரு மேடு தெரிந்தால் போதாது. வேறு எதுவாகவும் இருக்கலாம். சொல்லிவைத்த மூன்று இடங்களிலும் தெரிந்தால்தான் ஆல்கஹால் என்று வாய்திறக்கலாம். இரண்டு உறுதி. மூன்றாவது மங்கல். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து அதை அளக்க வேண்டும். அவளுடைய பட்டம் முழுக்க அதில் இருந்தது.

பஸ் நின்றதும் கான்ஸ்டபிள் ஏறினார். எங்கள் பக்கத்துத் தமிழர்தான். கையில் குத்தூசி. மூட்டைக்குள் குத்தி இழுத்தால் குழிந்த முனையில் நாலு அரிசி ஒட்டிக்கொண்டு வருமே, அந்த நீள இரும்பு ஊசி. முன் சீட்டில் வயிறு பெருத்திருந்த ஒரு அம்மாளை எழுந்து நிற்கச் சொன்னார். அந்த அம்மாள் எழுந்ததும் பொலபொலவென்று கொட்டியது. அடுத்து எங்கள் சீட்டு. உறையைப் பார்த்தார், குத்தினார். தாள் கிழியும் சத்தம் கேட்டது. ஊசியை இழுத்து முனையைப் பார்த்தார். வெள்ளைக் காகிதத் தூள்தான் வந்தது. இன்னொரு சுருளிலும் குத்தினார். மூன்றாவதற்கு என் மகள் உள்ளங்கையை விரித்து உறைமேல் வைத்துவிட்டாள். ஊசி அவள் விரலுக்கு மேலே நின்றது.

"ஏனுங் டீச்சரம்மா," என்றார் என்னைப் பார்த்து, ஏமாந்துபோன குரலில். "அரிசி இல்லீங்களே?"

"இல்லீங்க."

"அரிசி இல்லாம எதுக்குங் தலவாணி?"

அவர் உறையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நாங்களும் இறங்கினோம். பஸ் காத்திருக்கவில்லை. கண்டக்டர் மட்டும், ஊருக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவதாக ஜாடை காட்டினார்.

செக்போஸ்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. சப்-இன்ஸ்பெக்டர் மலையாளி, சின்ன வயது. அரசுக்கு எதிரான ரகசிய நோட்டீஸ்களைத் தேடுவதற்கென்றே அந்த மாதம் அங்கே போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அரிசி கொட்டிய அம்மாளையும் கொண்டுவந்து சுவரோரம் உட்கார வைத்தார்கள்.

அவர் முதல் சுருளைப் பிரித்தார். வளைந்து நெளிந்த மைக் கோடு, எண்கள், ஓரத்தில் ஆங்கிலத்தில் பென்சில் குறிப்புகள், வெளிநாட்டு ஆய்வகத்தின் முத்திரை. பிரிக்கப் பிரிக்க முகம் மாறிக்கொண்டே வந்தது.

"எந்தா இது?"

மகள் சொன்னாள். எனக்குச் சொன்னதையேதான் சொன்னாள்.

"ஆல்கஹாலோ? எவிடே?"

"வானத்துலங்க சார். தனுசு ராசிப் பக்கம்."

"கொச்சே, களியாக்கல்லே." கேலி பண்ணாதே என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு எடுத்த தாள் என்று சொல்லியிருந்தால் அப்போதே விட்டிருப்பார்கள் என்று என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் சொல்கிறார்கள், எழவு வீட்டில் சொல்கிறார்கள். எதற்குச் சொல்ல வேண்டும்? திருட்டுப் பொருளா அது, பேர் மாற்றிச் சொல்ல?

அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் கண்ணில் துளைகள் பட்டுவிட்டன. தாள் நெடுக ஒரே வரிசையில் வட்டத் துளைகள். முதலில் ஒரு சாண் இடைவெளி. போகப் போக நெருங்கி, கடைசியில் விரற்கடை தூரத்தில். சுற்றிய தாளில் ஒரு தடவை குத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் துளை விழும், உள்சுற்றில் நெருக்கமாக விழும். அது அவருக்குத் தோன்றவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு துளையாக எண்ணினார்.

"இதாணு கோடு," என்றார். ரகசியச் சங்கேதம் இதுதான் என்கிறார். "கோடு மனசிலாக்கான் பற்றாத்த விதத்தில் செய்திருக்கு. ஆராணு படிப்பிச்சது?" யாருக்கும் புரியாதபடி செய்திருக்கிறதாம், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறார்.

நான் கான்ஸ்டபிளைப் பார்த்தேன். அவர் குத்தூசியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரோரம் இருந்த அரிசிக்கார அம்மாள் மகளிடம் கேட்டாள். "ஏஞ்சாமி, அந்தத் தாள ஊட்டுக்குக் கொண்டுபோயி என்ன பண்ணுவீங்க?"

"அளப்பங்க."

"அளந்து?"

"அளந்து எழுதோணும்."

"அட போ சாமி. எம்பட அரிசியாச்சும் வெந்தாத் திங்கலாம்."

மகள் சிரித்தாள். அந்தக் கொட்டகையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்த அம்மாளுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார். அந்தக் கையெழுத்து எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அதில் எழுதியிருந்தது இதுதான்: சாராயம் சம்பந்தப்பட்ட ரகசிய வரைபடங்கள் எங்கள் கைவசம் இருந்தன. அவை எங்களுடையவை அல்ல, யாரோ பஸ்ஸில் கொடுத்தவை. அவற்றை எரிப்பதற்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்துப் போட்டால் பெண்ணை இப்போதே வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். போடாவிட்டால் பாலக்காட்டிலிருந்து வண்டி வரும்.

வண்டி என்றால் என்னவென்று அந்த நாட்களில் எல்லோருக்கும் தெரியும். போலீஸ் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை என்று காதோடு காதாகப் பேச்சு. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அதைப் பேசினார்கள்.

அப்போது என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் அப்படியே சைக்கிளில் வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை. உள்ளே வந்து தாளைப் படித்தார். என்னை ஓரமாக அழைத்தார்.

"போட்டுட்டு வந்துரு புள்ள."

"எரிச்சுருவாங்க."

"எரிக்கட்டும். தாளுதான?"

"தாளு இல்லீங்க அது."

"பொண்ணு வேணுமா, தாளு வேணுமா உனக்கு?"

அந்தக் கேள்வியில் என் கை பேனாவை எடுத்துவிட்டது என்பது உண்மை. அவர் கோழை இல்லை. பாம்பைக் கையால் பிடித்து வயலுக்கு வெளியே விடுகிற மனிதர்.

"போடாதீங்கம்மா," என்றாள் மகள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. "எம்பட இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா, பொறகு அது யாருதுங்க?"

நான் பேனாவை மூடினேன். தைரியம் வந்ததால் இல்லை. இந்தத் தாளில் என் பெயரைப் போட்டால், அடுத்த வாரம் இதே தாளைக் காட்டி இவளைக் கூட்டிப்போக முடியும் என்று பளிச்சென்று தெரிந்தது. பயம்தான் அதைக் கண்டுபிடித்தது. பயப்படுகிறவளுக்குத்தான் எல்லா வழியும் தெரியும்.

சுவரிலிருந்த குத்தூசியை எடுத்தேன். மேஜைமேல் அன்றைய பத்திரிகை கிடந்தது. அதைச் சுருட்டினேன். வகுப்பில் செய்து காட்டுகிற மாதிரி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, ஊசியால் ஒரே குத்து. பிரித்து மேஜைமேல் விரித்தேன்.

"எண்ணிப் பாருங்க சார். இதுலயும் கோடு இருக்கு. இந்தக் கோட்டை யார் சொல்லிக் குடுத்தது?"

வெளிப்பக்கம் அகலமாக, உள்ளே போகப் போக நெருக்கமாக, அதே துளைகள். கான்ஸ்டபிள் புளியமரத்தை விட்டுவிட்டுத் தன் பூட்ஸைப் பார்க்கத் தொடங்கினார். அரிசிக்கார அம்மாள் "அதான பாத்தேன்" என்று முணுமுணுத்தாள்.

ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் துளைகளின் இடைவெளியைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்தார். துளை நெற்றியில் விழுந்திருந்தது. யார் படம் என்று எழுத வேண்டியதில்லை. அந்த நாட்களில் முதல் பக்கத்தில் வேறு யார் படம் இருக்கும்?

"இது போதும் டீச்சரே," என்றார் மெதுவாக. "இதுக்கே உள்ளில் இடாம்."

"இடுங்க. ஆனா எழுதி இடுங்க."

"இப்போ எழுதண்டா. எழுதாதெயும் இடாம்."

எழுதாமலேயே உள்ளே போடலாம். சத்தமே இல்லாமல், ஒரு பொது விவரம் சொல்வதுபோல் சொன்னார். 

நான் அவர் எழுதிய தாளைத் திருப்பி அவரிடம் தள்ளினேன். "சாராயம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. சாராயம்னா எக்ஸைஸ் கேஸ், போலீஸ் கேஸ் இல்ல. அவங்களக் கூப்பிடுங்க. பறிமுதல் மகஸர் எழுதுங்க. எங்க பிடிச்சது, எத்தன லிட்டர், யார் காய்ச்சுனது, எல்லாம் எழுதுங்க. கடைசில நான் கையெழுத்துப் போடறேன்."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வந்து என் பக்கத்தில் நின்றார். சேற்றுக்காலோடு நின்றார், அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய துணை.

சப்-இன்ஸ்பெக்டர் டெலிபோனைச் சுற்றினார். யாரிடமோ வேகமான மலையாளத்தில் பேசினார். பாலக்காட்டுக்கா, எக்ஸைசுக்கா, எங்களுக்குப் புரியவில்லை. கேட்டதற்கும் சொல்லவில்லை. "வண்டி வரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

காத்திருந்தோம். மகள் தரையில் உட்கார்ந்து, குத்துப்பட்ட சுருள்களில் ஒன்றைத் தன் முழங்கால்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். எந்த இடத்தைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். தேடி நிறுத்தினாள். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கு எல்லாமே நடுக்கமாகத்தான் தெரிந்தது; பிறகு அவள் விரல் காட்டிய இடத்தில், நடுக்கத்துக்கு மேலே, ஒரு எறும்புப் புற்று உயரத்துக்கு ஏதோ எழுந்திருந்தது. குத்தூசித் துளை அதன் அடிவாரத்தில், மிக அருகில்.

"தப்பிச்சுதா சாமி?" என்றேன்.

"தப்பிச்சுதுங்கம்மா. தொளைக்கு இந்தப் பக்கம் கோடு முழுசா இருக்கு. அளந்துரலாம்."

அவள் அளப்பதைப் பற்றிப் பேசினாள். பாலக்காட்டு வண்டி வந்துகொண்டிருக்கலாம், இவள் அளப்பதைப் பற்றிப் பேசினாள். பிள்ளையை இப்படி வளர்த்ததற்கு என்னை ஏசுகிறவர்கள் ஏசிக்கொள்ளட்டும்.

வெயில் சாய்ந்து, பனைமரங்களின் நிழல் ரோட்டைத் தாண்டி விழுந்த நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் மகளுக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றார். அரிசிக்கார அம்மாள்கூடக் கால்களை மடக்கிக்கொண்டாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் தனி ஆள். வயதான மனிதர். சட்டையில் கள்ளுப் புளிப்பு வாடை. ஏதோ கள்ளுக்கடையைச் சோதித்துவிட்டு நேராக வந்திருந்தார். எக்ஸைஸ் இன்ஸ்பெக்டர். சப்-இன்ஸ்பெக்டர் விவரம் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டியபடியே கண்ணாடியை மாட்டினார். சுருளை வாங்கவில்லை. மகளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மோளே, சாராயம் எங்க இருக்கு?"

மகள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மேகம், மூலக்கூறு, சுழற்சி, மேடு. அவர் பாதி தமிழில், பாதி மலையாளத்தில் கேட்டார்.

"வேற சரக்கு இல்ல, இதுதான்னு எப்படித் தெரியும்?"

"ஒரு மேடு மட்டும் இருந்தாச் சொல்ல முடியாதுங்க. மூணு எடத்துலயும் இருக்கோணும். மேகம் ஓடற ஓட்டத்துல மூணும் ஒரே அளவு நகந்திருக்கோணும்."

"ம். ஒரு வாடைய வெச்சு நானும் கேஸ் எடுக்க மாட்டேன்." தாளில் மேட்டின்மேல் விரலை வைத்தார். "எத்தன தூரம்?"

"அங்கிருந்து வெளிச்சம் கெளம்பி இங்க வந்து சேர முப்பதாயிரம் வருஷத்துக்கிட்ட ஆகுங்க."

"அப்போ இது காய்ச்சுன காலத்துல இந்தச் செக்போஸ்ட் இல்ல."

"இல்லீங்க."

"கேரளமும் இல்ல."

"ஒண்ணுமே இல்லீங்க."

அவர் எழுந்தார். சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து நிதானமான மலையாளத்தில் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. என் எல்லை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கத்து ஓடையோடு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள சாராயத்துக்கே நான் போவதில்லை. இதற்குப் போ என்றால், எந்த வண்டியில் போவது என்று நீயே மேலதிகாரிக்கு எழுதிக் கேள். உன் கையெழுத்திலேயே கேள். நான் பார்த்தேன், கேஸ் இல்லை என்று என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன். அப்புறம், அந்தப் பத்திரிகையை யாரும் பார்ப்பதற்கு முன்னால் அடுப்பில் போடு. துளைபோட்ட ஊசி உன் செக்போஸ்டுடையது.

சப்-இன்ஸ்பெக்டர் பத்திரிகையை மடித்துக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். நான் கையெழுத்துப் போடாத தாளையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார்.

மகள் சுருள்களைச் சுற்றி உறைக்குள் போட்டு நாடாவைக் கட்டினாள். வாசற்படியில் அந்த எக்ஸைஸ் இன்ஸ்பெக்டர் எங்களை நிறுத்தினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த அரிசிக்கார அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

"டீச்சரே, அடுத்த தடவை மோள் தலவாணி உறையில அரிசியே கொண்டு வரட்டும். அரிசிக்கு ஜாமீன் கிட்டும்."